கோலாக் கொட்டை தரும் தெம்பு எங்கிருந்து வருகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவர் திருகு அளவியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். சுழிப் பிழையைக் கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. முந்தின வாரம் அதே கருவியைப் பற்றித் தம் நண்பர்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர்!

தேர்வு முடிந்ததும் என்னிடம் வந்தார். மூன்று இரவுகளாகச் சரியான தூக்கம் இல்லையாம். ஃபிளாஸ்க் நிறையக் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாராம். "ராத்திரி முழுக்க நல்ல தெம்பா இருந்தேன் சார். காலையில அதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல" என்றார்.

அவர் வருத்தத்தில் சொன்ன சொல்தான். ஆனால் என் காதில் அது ஒரு நல்ல கேள்வியாக விழுந்தது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று வகுப்பில் படிக்கிறோம். அப்படியானால் காப்பி தந்த தெம்பு எங்கிருந்து வந்தது? காலையில் எங்கே போயிற்று?

காப்பியை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண்பது சற்றுக் கடினம். அதில் பாலும் சர்க்கரையும் இருக்கின்றன. அவை உணவு, ஆற்றல் தருபவை. எது பாலின் வேலை, எது காப்பித்தூளின் வேலை என்று பிரித்தறிவது எளிதன்று. எதையும் சேர்க்காமல் வெறுமனே வாயிலிட்டு மெல்லும் பொருள் ஒன்று கிடைத்தால் நம் ஆராய்ச்சிக்கு வசதியாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. அதுதான் கோலாக் கொட்டை. (நம் கடலில் கிடைக்கும் கோலா மீனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை!)

மரமும் விதையும்

கோலா, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வளரும் ஒரு பசுமை மாறா மரம். 20 மீட்டர் உயரம் வரை வளரும். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு ஆகியவை அடங்கிய குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. சாக்லேட் தரும் கொக்கோ மரமும் இதே குடும்பந்தான்.

கோலாவில் பல இனங்கள் இருந்தாலும் மக்கள் விரும்பி மெல்லுபவை இரண்டு. ஒன்று கோலா நைடிடா. மற்றது கோலா அக்குமினேட்டா. காய்கள் நட்சத்திரம்போல ஒரு காம்பைச் சுற்றிக் கொத்தாக அமைந்திருக்கும். ஒவ்வொரு காய்க்குள்ளும் வெண்ணிறத் தோல் மூடிய பல விதைகள் இருக்கும். தோலை நீக்கினால் உள்ளே வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, கருஞ்சிவப்பாகவோ பருப்பு தெரியும். கொட்டை என்று நாம் சொல்வது இந்தப் பருப்பைத்தான்.

மொச்சையை ஊறவைத்து உரித்தால் இரண்டாகப் பிளக்கிறது அல்லவா? அந்தப் பிளவுகளை விதையிலைகள் என்று தாவரவியலில் படித்திருப்பீர்கள். கோலா நைடிடாவும் மொச்சைபோல இரண்டாகத்தான் பிளக்கும். கோலா அக்குமினேட்டாவோ மூன்று, நான்கு, ஐந்து என்று பல பிளவுகளாகப் பிரியும். இந்தச் சிறு வேறுபாடு மக்களின் வாழ்க்கையில் எத்துணைப் பெரிய பொருளைப் பெற்றுவிட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

கோலாவை வெட்டி வைத்தால் சிறிது நேரத்தில் வெட்டுவாய் பழுப்பாகிவிடும். நம் கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது போலத்தான். விதையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள், ஒரு நொதியின் உதவியால் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நிறம் மாறுகின்றன.

சுவை எப்படி? முதலில் கசக்கும், துவர்க்கும். பிறகு நாவில் ஓர் இனிப்பு தங்கும். கோலாவை மென்றபின் குடிக்கும் தண்ணீர் இனிக்கும் என்று சொல்வார்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விருந்தினர் வந்தால் கோலா

நம் நாட்டில் நல்ல காரியம் எதுவானாலும் வெற்றிலை பாக்கு இருக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பல மக்களிடையே அந்த இடம் கோலாவுக்கு. நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதலில் தட்டில் கோலாவை வைத்து நீட்டுவார்கள். தட்டு விருந்தினரிடையே சுற்றிவந்து மீண்டும் வீட்டுக்காரரிடமே சேரும். கூட்டத்தில் மூத்தவர் கொட்டையைக் கையில் ஏந்தி வாழ்த்துவார். வாழ்த்து இக்போ மொழியில்தான் இருக்க வேண்டும். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பின்னர் கொட்டை உடைக்கப்பட்டு எல்லாருக்கும் பங்கிடப்படும்.

உடைக்கும்போது எத்தனை பிளவு என்று பார்ப்பார்கள். இக்போ மக்களின் வாரத்துக்கு எக்கே, ஒரியே, அஃபோ, இன்குவோ என்று நான்கு சந்தை நாள்கள். ஆகவே நான்கு பிளவு இருந்தால் நல்ல அறிகுறி. பிளவுகள் பல கொண்ட அக்குமினேட்டாவை இவர்கள் சடங்குக்குரியதாகக் கொண்டதற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா? நைஜீரியாவின் தென்மேற்கில் உள்ள யொரூபா மக்களும் நான்கு பிளவுள்ள கோலாவை உருட்டிப் போட்டுக் குறி பார்ப்பர். பிள்ளைக்குப் பெயரிடும் சடங்கிலும் கோலா உண்டு. வடக்கே வாழும் ஹௌசா மக்களிடையே திருமணத்தை உறுதி செய்யும்போது கோலா வழங்குவது வழக்கம். மது விலக்கப்பட்ட இஸ்லாமியச் சமூகங்களில் உறவாடவும் உபசரிக்கவும் ஏற்ற பொருளாகக் கோலா விளங்கியது.

காட்டிலிருந்து பாலைவனத்தின் விளிம்புக்கு

கோலா விளைவது தெற்கேயுள்ள மழைக்காட்டில். விரும்பி மெல்லுபவர்களில் பெரும்பாலோர் வடக்கேயுள்ள வறண்ட புல்வெளி நாட்டில். இடைப்பட்ட தொலைவைக் கழுதைகளும் சுமைதூக்குவோரும் நடந்தே கடந்தனர். இன்றைய கானா நாட்டிலுள்ள சலாகா 19ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்ற கோலாச் சந்தை. அங்கிருந்து ஹௌசா நாட்டின் கானோ நகரம் நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 1,000 கி.மீ. வணிகக் கூட்டங்களின் பயணம் மாதக்கணக்கில் நீடித்தது. 1851-இல் கானோவுக்குச் சென்ற ஜெர்மானியப் பயணி ஹைன்ரிஷ் பார்ட், அந்நகரின் முக்கியமான இறக்குமதிப் பொருள்களுள் ஒன்றாகக் கோலாவைக் குறித்திருக்கிறார்.

இங்கே ஒரு தொழில்நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். கோலாவை உலர்த்தி மூட்டை கட்டினால் விலை போகாது. பச்சையாக, சாறுடன் இருக்க வேண்டும். ஆனால் பச்சை விதை உயிருள்ளது, சுவாசிக்கிறது, நீரையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் குறைந்தால் சுருங்கிவிடும். வணிகர்கள் என்ன செய்தார்கள்? கூடையின் உட்புறம் அகன்ற பச்சை இலைகளை அடுக்கி, அதனுள் கோலாவை நிரப்பி, மேலும் இலைகளால் மூடினர். வழியில் அவ்வப்போது கூடையைப் பிரித்து, கூன்வண்டு துளைத்தவற்றையும் அழுகியவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, புதிய இலைகளை வைத்துக் கட்டினர். இப்படிச் செய்தால் கொட்டை பல மாதங்கள் கெடாது. ஈரப்பத அளவி எதுவும் இல்லாமல், கைத்தொடு உணர்வை மட்டும் நம்பி அவர்கள் கண்டறிந்த முறை இது.

இந்த நீண்ட பயணங்களில் வழிநடைக்காரர்களுக்கும் கோலாவே துணை. ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, களைப்புத் தெரியாது என்பது அவர்கள் அனுபவம். இக்காலத்திலும் நைஜீரியாவில் நெடுந்தூரம் லாரி ஓட்டுபவர்களும் இரவில் கண்விழிக்கும் மாணவர்களும் கோலாவை மெல்லுவதுண்டு.

நம் கேள்வி மீண்டும் வந்துவிட்டது, பார்த்தீர்களா? நாள் முழுவதும் நடந்தவருக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? கொட்டையிலிருந்தா?

ஆய்வுக்கூடத்தில் கோலா

1819-இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே, காப்பிக் கொட்டையிலிருந்து ஒரு வெண்ணிறப் படிகப் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் காஃபீன். அவருக்குக் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் புகழ்பெற்ற கவிஞர் கதே! காஃபீனின் மூலக்கூற்றில் 8 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. தேயிலையில் கிடைத்த 'தேயீன்' என்ற பொருளும் காஃபீனும் ஒன்றே என்பது பிறகு தெரியவந்தது.

1865-இல் லண்டன் வேதியியலார் ஜான் அட்ஃபீல்ட் கோலாக் கொட்டையைப் பகுத்தாய்ந்து, அதிலும் இப்பொருள் இருப்பதை அறிவித்தார். அவர் கட்டுரையின் தலைப்பிலேயே கோலாவின் 'உணவு மதிப்பு' என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. கோலா ஓர் உணவா என்ற ஐயம் அப்போதே இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம். 1880களில் பிரான்சின் மார்செய் நகரப் பேராசிரியர் எடுவார் ஹெக்கெல் கோலாவை விரிவாக ஆராய்ந்தார். கோலாவின் ஆற்றல் காஃபீனால் மட்டும் விளைவதன்று, அதில் வேறொரு பொருளுக்கும் பங்குண்டு என்பது அவர் கருத்து. படைவீரர்கள் நெடுந்தூரம் நடக்க உதவும் என்று கோலா சேர்த்த பிஸ்கட்டுகளும் அக்காலத்தில் செய்யப்பட்டன.

உலர்ந்த கோலாவின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு காஃபீன். கொக்கோவில் மிகுதியாக உள்ள தியோபுரோமின் இதிலும் சிறிதளவு உண்டு. துவர்ப்புக்குக் காரணமான டானின் வகைப் பொருள்களும் உள்ளன. மீதியில் பெரும்பகுதி மாவுப்பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பச்சைக் கொட்டை ஒன்றின் எடை 10 கிராம் என்று கொள்வோம். அதில் பாதிக்கு மேல் நீர். நீரை நீக்கினால் மிஞ்சுவது 5 கிராமுக்குள்தான். அந்த 5 கிராமும் மாவுப்பொருள் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், கிராமுக்கு 4 கிலோ கலோரி வீதம் கிடைப்பது 20 கிலோ கலோரி. அதாவது சுமார் 84 கிலோ ஜூல்.

60 கி.கி. எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதரையில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 210 கிலோ கலோரி செலவாகும். எனவே ஒரு முழுக் கொட்டையிலுள்ள ஆற்றல் எத்தனை நேரம் நடக்கப் போதும்?

20 ÷ 210 × 60 = 5.7 நிமிடம்.

ஆறு நிமிடங்கள்கூட இல்லை! ஆனால் வழிநடைக்காரரோ பல மணி நேரம் நடந்தார். மீதி ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஆற்றல் அழிவின்மை விதி இதற்கு ஒரே ஒரு விடையைத்தான் அனுமதிக்கும். அது அவருடைய உடலிலேயே இருந்தது. முந்தின நாள் உண்ட உணவு, கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகவும், தோலுக்கடியில் கொழுப்பாகவும் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தச் சேமிப்பை எடுத்துத்தான் அவர் நடந்தார். கோலா அவர் கணக்கில் பணம் போடவில்லை. அவர் கணக்கிலிருந்தே எடுத்துச் செலவு செய்ய வைத்தது.

அப்படியானால் காஃபீன் என்னதான் செய்கிறது?

பூட்டும் சாவியும்

நம் உடலின் செல்களில் ஆற்றலைக் கொண்டு சேர்ப்பது அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் மூலக்கூறு. இது செலவாகச் செலவாக அடினோசின் என்ற பொருள் உண்டாகிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகிறது. மூளைச் செல்களின் மேற்பரப்பில் அடினோசினுக்கென்றே அமைந்த ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அடினோசின் ஏற்பியில் பொருந்தினால், செல்லின் சுறுசுறுப்புக் குறைகிறது. சோர்வும் தூக்கமும் வருகின்றன. 'போதும், ஓய்வெடு' என்று உடல் அடிக்கும் மணி இது.

காஃபீன் மூலக்கூற்றின் வடிவம் ஓரளவு அடினோசினை ஒத்தது. எனவே அதுவும் அந்தப் பூட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் பூட்டைத் திறப்பதில்லை. தப்பான சாவியை நுழைத்துவிட்டால் சரியான சாவிக்கு இடமில்லாமல் போகும் அல்லவா? அதேதான் நடக்கிறது. அடினோசின் வெளியே காத்து நிற்கிறது. மணி அடிப்பதில்லை. நாம் களைப்பின்றி இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம்.

களைப்பு நீங்கவில்லை, களைப்பைத் தெரிவிக்கும் மணியின் ஓசைதான் நின்றிருக்கிறது. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் வண்டியில் பெட்ரோல் குறைந்ததைக் காட்டும் முள்ளின்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டால் பெட்ரோல் கூடிவிடுமா?

இதனால் காஃபீனின் விளைவு வெறும் மனமயக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். விளைவு உண்மையானது. அதைச் சரியாகச் சோதித்த கதை ஒன்றும் உண்டு.

ஒரு வழக்கும் ஒரு சோதனையும்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1886-இல் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்தாளர் ஒரு பானத்தைத் தயாரித்தார். கோக்கா இலையும் கோலாக் கொட்டையும் அதில் சேர்ந்ததால் கோக்கா கோலா என்று பெயர் பெற்றது. அதிலுள்ள காஃபீன் தீங்கானது என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1911-இல் விசாரணைக்கு வந்தது. அப்போது நிறுவனம் ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாரைச் சோதனை நடத்தக் கேட்டுக்கொண்டது. முடிவு எப்படி இருந்தாலும் வெளியிடுவேன் என்ற நிபந்தனையுடன் அவர் ஒப்புக்கொண்டார்.

16 பேரைக் கொண்டு சோதனை நடந்தது. சிலநாள் அவர்களுக்குக் காஃபீன் உள்ள குளிகை. சிலநாள் பால்சர்க்கரை மட்டும் உள்ள குளிகை. எது எதுவென்று விழுங்குபவருக்கும் தெரியாது, அவரைச் சோதிப்பவருக்கும் தெரியாது. தட்டச்சு, கணக்கு, கை நடுக்கம், தூக்கம் என்று பலவும் அளக்கப்பட்டன. சிறிய அளவில் காஃபீன் வேலையின் வேகத்தைக் கூட்டியது. பெரிய அளவில் தூக்கத்தைக் கெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, கடைசியில் நிறுவனம் காஃபீனின் அளவைக் குறைத்துக்கொண்டது. 'இதைச் சாப்பிட்டேன், தெம்பு வந்தது' என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இச்சோதனை இன்றும் ஒரு நல்ல பாடம்.

இன்றைய கோலாப் பானங்களில் பெரும்பாலானவற்றில் கோலாக் கொட்டை இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. காஃபீன் தனியே சேர்க்கப்படுகிறது. 300 மி.லி. கோலாப் பானத்தில் ஏறத்தாழ 30 மி.கி. காஃபீனும், 30 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கும். அதில் ஆற்றல் தருவது எது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

காஃபீனுக்கும் அரை ஆயுள் உண்டு

கதிரியக்கத் தனிமம் ஒன்று பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். காஃபீனையும் நம் கல்லீரல் ஏறத்தாழ அதே விதிப்படிதான் குறைக்கிறது. பெரியவர்களின் உடலில் அதன் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம். ஆளுக்கு ஆள் இது மாறும். கருவுற்ற பெண்களுக்கு இது மிகவும் கூடும். பிறந்த குழந்தைகளுக்கோ நாள்கணக்கில் நீளும்.

நம் மாணவரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு டம்ளர் காப்பியில் 80 மி.கி. காஃபீன் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு ஒரு டம்ளர். 2 மணிக்கு உடலில் மீதி 40 மி.கி. அப்போது இன்னொரு டம்ளர் குடித்தால் 40 + 80 = 120 மி.கி. உடனே படுத்தாலும் 120 மி.கி. காஃபீனுடன்தான் படுக்கிறார். ஆழ்ந்த தூக்கம் எப்படி வரும்? காலை 7 மணிக்கும் 60 மி.கி. மிச்சம் இருக்கிறது.

இதற்கிடையில் மூளையில் அடினோசின் சேர்வது நின்றதா? இல்லை. அதைக் குறைப்பது தூக்கம் ஒன்றே. காஃபீன் குறையக் குறையப் பூட்டுகள் விடுபடுகின்றன. காத்துநின்ற அடினோசின் உள்ளே நுழைகிறது. அடிக்காமல் விட்ட மணியெல்லாம் சேர்ந்து அடிக்கிறது. அது அன்று தேர்வு அறையில் அடித்தது.

இழப்பு அதோடும் நிற்கவில்லை. பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாகப் பதித்துக்கொள்வதற்குத் தூக்கம் வேண்டும். தூக்கத்தை விட்டுப் படித்தவர், படித்ததையும் சேர்த்து விட்டுவிடுகிறார். திருகு அளவியின் சுழிப் பிழை இப்படித்தான் கை நழுவியது.

அளவில்தான் எல்லாம்

கோலாவைப் பங்கிடும் வழக்கத்தை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். 10 கிராம் பச்சைக் கொட்டையில் உலர்ந்த பகுதி 5 கிராம் என்றால், காஃபீன் ஏறத்தாழ 100 மி.கி. நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 25 மி.கி. கசப்பும் துவர்ப்பும் உள்ள துண்டை மெல்ல மெல்லச் சுவைப்பார்கள். சடங்கு எதற்காக ஏற்பட்டதோ, அளவு தானாகவே சிறியதாக அமைந்துவிட்டது. அதே காஃபீன் இனிப்புப் பானமாக டப்பியில் வந்தால் இரண்டு நிமிடத்தில் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. ஊக்க பானங்கள் பலவற்றில் 250 மி.லி. டப்பிக்கு 80 மி.கி. காஃபீன் இருக்கிறது.

கோலாவையே ஒருவர் நாள்தோறும் பல கொட்டைகள் மென்றால் தீங்கு இல்லாமல் இல்லை. தூக்கமின்மை, படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு, வயிற்றெரிச்சல் ஆகியவை வரும். பற்களிலும் கறை படியும். பழகிவிட்டால் மூளை கூடுதலான ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்ளும். பழைய அளவு போதாது. திடீரென்று நிறுத்தினால் தலைவலிக்கும். காலைக் காப்பி தவறினால் தலை கனக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. வரை காஃபீன் பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. சிறுவர்களுக்கும் உங்கள் வயதினருக்கும் அது குறித்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மி.கி. உங்கள் எடை 40 கி.கி. என்றால் 120 மி.கி. அதாவது ஒன்றரை டம்ளர் காப்பி. அதையும் மாலைக்குள் முடித்துக்கொண்டால் இரவுத் தூக்கத்துக்கு நல்லது.

செடிக்கு எதற்குக் காஃபீன்?

கடைசியாக ஒரு கேள்வி. காப்பி, தேயிலை, கோலா ஆகிய மூன்றும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். மூன்றும் காஃபீனைச் செய்கின்றன. காப்பிச் செடியின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த அறிவியலார், அது காஃபீன் செய்யும் திறனைத் தேயிலையிலிருந்தும் கொக்கோவிலிருந்தும் வேறாகத் தானே தனித்துப் பெற்றது என்று 2014-இல் கண்டனர். ஒன்றையொன்று பார்த்து எழுதாத மாணவர்கள் ஒரே விடையை எழுதியது போன்றது இது! பூச்சிகளுக்குக் காஃபீன் நஞ்சு. இலையையும் விதையையும் அவற்றிடமிருந்து காக்க அது உதவுகிறது. நமக்காக எந்த மரமும் காஃபீனைச் செய்யவில்லை.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு நான் சொன்ன விடையும் இதுதான்: "தெம்பு வெளியிலிருந்து வரலப்பா. உன்னோடதையே எடுத்துச் செலவழிச்சிருக்க. சோர்வு போகவும் இல்ல. உனக்குத் தெரியாம ஒளிஞ்சிருந்தது." அடுத்த ஆண்டு அவர் எந்நேரம் படித்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் செய்முறைத் தேர்வன்று சுழித் திருத்தத்தைக் கேட்ட உடனே சொன்னார்.

செய்து பாருங்கள்

ஒரு வரைபடத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கிடையச்சில் மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை நேரத்தையும், செங்குத்தச்சில் காஃபீனின் அளவையும் குறியுங்கள். மாலை 4 மணிக்கு 80 மி.கி. என்று தொடங்கி, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாக்கிப் புள்ளிகளை இடுங்கள். அவற்றை வளைகோட்டால் இணையுங்கள். பிறகு இரவு 9 மணிக்கு இன்னொரு 80 மி.கி. சேர்ந்தால் என்ன ஆகும் என்று வேறு நிறத்தில் வரையுங்கள். நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இரு வளைகோடுகளும் அதை எங்கே வெட்டுகின்றன என்று பாருங்கள். தேர்வுக்குப் படிக்க உட்காரும் இடத்தில், கண்ணில் படும்படி அந்தத் தாளை ஒட்டி வையுங்கள்.